மூன்றாம் நம்பர்க் குழல்

துப்பாக்கியைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று நேயர்கள் முதலிலேயே கேட்டு விடலாம். கேட்காவிட்டால் என் மனைவி கேட்பாள். எங்கள் குடும்பத்தில் எனக்குத் தெரிந்த வரையில் யாரும் துப்பாக்கி பிடித்ததில்லை. வீட்டில் இருக்கும் ஒரே ஆயுதம் அரிவாள்மணை. அதுவும் என் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல. சிறு வயதில் ஒரு தீபாவளிக்குப் பொட்டு வெடிக்கிற தகரத் துப்பாக்கி வாங்கி வந்தேன். "கண்ணைக் கெடுத்துக் கொள்ளாதேடா!" என்று என் தாயார் அதைப் பிடுங்கிப் பரண் மேல் போட்டு விட்டாள். இன்று வரை அது இறங்கவில்லை.

இதற்கு எங்கள் குடும்பத்தை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. 1878-ம் வருஷம், லிட்டன் பிரபு ராஜப்பிரதிநிதியாக இருந்தபோது, ஆயுதச் சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் இந்தியர் ஆயுதம் வைத்திருக்கக் கூடாதென்று ஆயிற்று. சுதந்திரம் அடைந்து பன்னிரண்டு வருஷம் கழித்து, 1959-ல்தான் அதை நீக்கி வேறு சட்டம் செய்தோம். ஆகவே நம்மில் பெரும்பாலோருக்குத் துப்பாக்கி என்பது போலீஸ்காரர் தோளிலும் சினிமாத் திரையிலும் மட்டும் காட்சி தரும் வஸ்து. அதைக் கையில் வாங்கி, தலைமுதல் கால்வரை அளவெடுத்து, அதற்கு ஒரு ஜாதகமே கணிக்கும் பாக்கியம் எனக்கு எழுபத்திரண்டாவது வயதில் வாய்த்தது.

2012-ம் வருஷக் கோடையில் என் பெண்ணைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தோம். மாப்பிள்ளைக்கு யூட்டா ராஜ்யத்தில் ஆக்டன் என்ற ஊரில் உத்தியோகம். அது ரயில்வே ஊர். அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த இருப்புப் பாதை 1869-ம் வருஷம் மே மாதம் 10-ந் தேதி பூர்த்தியானபோது கடைசியாக ஒரு தங்க ஆணி வைத்துக் கொண்டாடினார்களே, அந்த இடம் ஆக்டனுக்குச் சற்று வடமேற்கில் இருக்கிறது. நானோ திருச்சி பொன்மலை ரயில்வே தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் கடைசல் பிரிவில் உழைத்து ஓய்வு பெற்றவன். பொன்மலையிலிருந்து பொன்னாணி ஊருக்குப் போனது பூர்வ ஜன்ம சம்பந்தமென்று என் மனைவி தீர்மானித்து விட்டாள்.

பக்கத்து வீட்டில் ஒரு கிழவர் இருந்தார். எண்பது தாண்டியவர், மனைவியை இழந்தவர், அவரும் பழைய ரயில்வேக்காரர். வேலி ஓரமாக இரண்டு நாள் நின்று நீராவி எஞ்சின்களைப் பற்றிப் பேசியதில் நாங்கள் பால்ய சிநேகிதர்களைப் போல் ஆகி விட்டோம். மூன்றாம் நாள் அவர் ஒரு நீளமான துணி உறையுடன் வந்தார். உள்ளேயிருந்து ஒரு பழைய ரைபிளை எடுத்தார். என் மனைவி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் கொண்டாள்.

"பயப்பட வேண்டாம், காலி" என்று சொல்லி அதன் நெம்புகோலைக் கீழே இழுத்துக் காட்டினார். ஓர் இரும்புக் கட்டி உள்ளுக்குள் நேராகக் கீழே இறங்கிற்று. குழலின் பின்துவாரம் திறந்தது. அந்தத் துவாரத்தில் கையால் ஒரு தோட்டாவை வைத்து, நெம்புகோலை மேலே தூக்கினால் கட்டி ஏறித் துவாரத்தை அடைத்துக் கொள்ளும். ஒரு தோட்டா, ஒரு குண்டு, அவ்வளவுதான். மறுபடி சுட வேண்டுமானால் மறுபடி திறக்க வேண்டும்.

"இது என் பாட்டனாருடையது. என் பேத்திக்குப் பதின்மூன்று வயதாகிறது. அவளுக்குக் கொடுக்க நினைக்கிறேன். ஆனால் இந்தப் பாரத்தை அவளால் தூக்கி நிறுத்த முடியவில்லை. ஊரில் ஒரு லேத்துக்காரன், குழலைக் கடைந்து மெலிதாக்கித் தருகிறேன் என்கிறான். நீர் கடைசல்காரராயிற்றே, எவ்வளவு கடையலாம், சொல்லும்" என்றார்.

ஓய்வு பெற்ற கடைசல்காரனிடம் இப்படி ஒரு கேள்வி கேட்பது, விரதம் இருப்பவனிடம் வடை வெந்து விட்டதா என்று கேட்பதைப் போன்றது. பதினாலு வருஷமாக எஃகைத் தொடாத கைகள் எனக்கு. உடனே காகிதமும் பென்ஸிலும் வரவழைத்து, எந்த இடத்தில் எவ்வளவு எடுக்கலாம் என்று படம் போட ஆரம்பித்து விட்டேன். கடையக் கூடாது என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை என்பதை நேயர்களிடம் மறைப்பானேன்?

படம் போட அளவு வேண்டும். மாப்பிள்ளையின் வெர்னியர் காலிப்பரை வாங்கிக் கொண்டு உட்கார்ந்தேன். அந்தக் குழல் உருண்டையானதல்ல, எட்டுப்பட்டை. பின்முனையில் பருத்து, வாய்க்குப் போகப் போகச் சீராகச் சிறுத்து வந்தது, தென்னை மரத்தைப் போல. அதற்கு வெறும் அழகு காரணமல்ல. மருந்து பற்றிக் கொண்ட கணத்தில் வாயுவின் அழுத்தமெல்லாம் பின்பக்கத்தில்தான் உச்சமாக இருக்கிறது. குண்டு முன்னே ஓட ஓட, வாயுவுக்கு இடம் கிடைத்து அழுத்தம் தணிகிறது. ஆகவே பின்னால் கனத்த எஃகு வேண்டும். முன்னால் அவ்வளவு வேண்டியதில்லை.

முன்புறக் கட்டை முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால், குழலின் அடிப்பட்டையில் என் கட்டைவிரல் நகம் எதிலோ இடறிற்று. திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன். நகத்தின் கனம் கூட இல்லாத ஆழத்தில் ஓர் எண் பதிந்திருந்தது: 3.

"இது என்ன?" என்று கேட்டேன்.

கிழவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கொண்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். அன்று சாயங்காலம் நான் கற்றுக் கொண்டதுதான் இந்தக் கட்டுரையின் சாரம்.

அந்த ரைபிளை அமைத்தவர் அந்த ஊர்க்காரர்தான்: ஜான் மோஸஸ் பிரௌனிங். துப்பாக்கி செய்பவரின் மகன். 1879-ல், அதாவது நம் நாட்டில் ஆயுதச் சட்டம் வந்த மறு வருஷம், இந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். தம்பிமார்களுடன் ஆக்டனில் ஒரு சிறு பட்டறை வைத்துச் சில நூறு ரைபிள்கள் செய்து விற்றார். 1883-ல் கனெக்டிகட் ராஜ்யத்திலிருந்த வின்செஸ்டர் கம்பெனி 8,000 டாலர் கொடுத்து உரிமையை வாங்கிக் கொண்டது. 1885 முதல் 1920 வரையில் ஏறக்குறைய 1,40,000 ரைபிள்கள் இந்த ரகத்தில் வெளிவந்தன.

இதில் ஒரு விசேஷம். இந்தக் காலத்துச் சாமான்களைப் போல் ஒரே அச்சில் வார்த்து, 'இஷ்டமிருந்தால் வாங்கு' என்று அவர்கள் சொல்லவில்லை. வாடிக்கைக்காரர் தம் தேவையைச் சொல்லி எழுதலாம். எந்தத் தோட்டா, குழல் எவ்வளவு நீளம், உருண்டையா, எட்டுப்பட்டையா, பாதி பட்டை பாதி உருண்டையா, எல்லாம் அவர் விருப்பம். அதோடு குழலின் பருமன் என்ன என்பதையும் ஒரு நம்பரால் குறிக்க வேண்டும். 1-ம் நம்பர் மிக மெல்லியது. 5-ம் நம்பர் மிகத் தடித்தது.

இங்கே நம்மவர்கள் ஏமாறக் கூடும். நூலுக்கு நம்பர் ஏற ஏற இழை மெலியும். கம்பிக்கும் அப்படியே. பறவை சுடும் துப்பாக்கியில் கூட, பன்னிரண்டாம் நம்பரை விட இருபதாம் நம்பர் சிறிது. இந்தக் குழல்களுக்கு மட்டும் நம்பர் ஏற ஏறப் பருமன் ஏறும். அதுவும் அந்தந்தக் கம்பெனியின் கணக்கு. ஒரு கம்பெனியின் மூன்றும் மற்றொரு கம்பெனியின் மூன்றும் ஒன்றென்று எண்ணி ஒன்றின் கட்டையை இன்னொன்றுக்குப் பொருத்தப் போனால் பொருந்தாது.

நம்பர் ஒன்றாக இருந்தாலும் பாரம் ஒன்றாக இராது என்பது இன்னொரு வேடிக்கை. கிழவர் இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. காகிதத்தில் கணக்குப் போட்ட பிறகே நம்பினேன். சரிவே இல்லாமல், பட்டைக்குப் பட்டை ஓர் அங்குல அகலம், முப்பது அங்குல நீளம் உள்ள எட்டுப்பட்டை எஃகுக் கம்பி ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். எடை ஏழு ராத்தல். அதில் அங்குலத்தில் நூற்றில் இருபத்திரண்டு பங்கு அளவுக்குத் துளையிட்டால் ஐந்து அவுன்ஸ் எஃகுதான் வெளியே வரும். நூற்றில் நாற்பத்தைந்து பங்கு துளையிட்டாலோ ஒரு ராத்தல் ஐந்தரை அவுன்ஸ் போய் விடும். அதாவது, வெளியே பார்க்க இரட்டைப் பிள்ளைகள்; தராசில் ஒரு ராத்தல் வித்தியாசம்! சிறு அணில் சுடுகிற துப்பாக்கிதான் கனமானது. பெரிய மிருகத்தைச் சுடுகிறது லேசானது. அதே அளவில் எட்டுப்பட்டைக்குப் பதிலாக உருண்டைக் குழலாகக் கேட்டிருந்தால் இன்னும் ஆறு அவுன்ஸ் மிச்சம்.

"பாரம் குறைந்தால் நல்லதுதானே? எதற்காக மனுஷன் வேண்டுமென்றே 4, 5 என்று கனத்தைக் கேட்டு வாங்குகிறான்?" என்று கேட்டேன்.

"மலை ஏறுகிறவனுக்குப் பாரம் சத்துரு. நின்று குறி பார்க்கிறவனுக்கு அது சிநேகிதன்" என்றார் கிழவர்.

கனத்த குழல் கையின் நடுக்கத்துக்கு எளிதில் அசைந்து கொடுப்பதில்லை. சுட்டவுடன் தோளை உதைக்கிற உதையையும் பாரம் தாங்கிக் கொள்கிறது. அடுத்தடுத்துச் சுடும்போது சீக்கிரம் சூடேறுவதுமில்லை. ஜெர்மனியிலிருந்தும் ஸ்விட்ஸர்லாந்திலிருந்தும் அமெரிக்காவில் வந்து குடியேறியவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கம் கூடி, இருநூறு கஜ தூரத்தில் அட்டையை நிறுத்தி, நின்றபடியே குறி பார்ப்பார்களாம். அவர்களுக்குத் தடித்த குழல் வேண்டும். 1870-களில் சமவெளியில் காட்டெருமைகளைக் கூட்டங் கூட்டமாகக் கொன்று தோலுரித்த வேட்டைக்காரர்கள் பன்னிரண்டு, பதினாறு ராத்தல் ரைபிள்களைக் கவைக்கோலில் சார்த்தி வைத்துச் சுட்டார்கள். அந்தக் கனம் வேறு ரகம். அதன் உதவியால் பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் அந்த மிருகம் அநேகமாகப் பூண்டற்றுப் போயிற்று. அதை நம்பி வாழ்ந்த பூர்வ குடிகள் பட்டினி கிடந்தார்கள். இதைச் சொல்லும்போது கிழவர் குரல் தாழ்ந்தது.

பிறகு உற்சாகம் திரும்பி வந்து, கிரீட்மூர்ப் பந்தயக் கதையைச் சொன்னார். 1874 செப்டம்பர் 26-ந் தேதி, நியூயார்க்குக்கு அருகே கிரீட்மூர் மைதானத்தில் ஐரிஷ்காரர் ஆறு பேரும் அமெரிக்கர் ஆறு பேரும் போட்டியிட்டார்கள். தூரம் எண்ணூறு, தொள்ளாயிரம், ஆயிரம் கஜம். ரைபிள் பத்து ராத்தலுக்கு மேற்படக் கூடாதென்பது விதி. பாருங்கள், குழலின் நீளம், பருமன், சரிவு எல்லாவற்றையும் அந்தப் பத்து ராத்தலுக்குள் அடக்க வேண்டும்! நீளத்தைக் கூட்டினால் பருமனில் குறைக்க வேண்டும். பருமனைக் கூட்டினால் நீளத்தில் கைவைக்க வேண்டும். மத்தியதரக் குடும்பத்து மாதாந்தர பட்ஜெட்டைப் போலத்தான். கடைசிக் குண்டு அமெரிக்கர் பக்கத்துக் கர்னல் போடைன் என்பவருடையது. சற்று முன்புதான் ஒரு பானப் புட்டி உடைந்து அவர் கையைக் கிழித்திருந்தது. கைக்குட்டையைச் சுற்றிக் கொண்டு படுத்துச் சுட்டார். ஆயிரம் கஜத்தில் நடுக்குறி! 934-க்கு 931. மூன்றே புள்ளி வித்தியாசத்தில் அமெரிக்கர் வென்றார்கள்.

இவ்வளவும் கேட்ட பிறகு என் படத்தைப் பார்த்தேன். நான் கோடு போட்டிருந்தபடி கடைந்தால் எட்டுப்பட்டையும் போய் உருண்டையாகி விடும். குழலுக்குள்ளே திருகு திருகாக வெட்டிய காடிகள் இருக்கின்றன. அவைதான் குண்டைச் சுழல விட்டு நேரே அனுப்புபவை. காடி வெட்டிய பிறகு வெளியே எஃகை எடுத்தால், உள்ளே அடங்கியிருந்த இறுக்கம் தளர்ந்து, துவாரமே இடத்துக்கு இடம் விரிந்து கொடுக்கக் கூடும். அது போகட்டும். முதல் தடவை உளி போய் வரும்போதே அந்த 3 என்ற எண் ஒரு சுருள் தூளாகத் தரையில் விழுந்து விடும்.

அந்த நினைப்பு வந்தவுடன் எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. காரணத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் தகப்பனார் காலத்துத் தேக்கு ஊஞ்சல் பலகை ஒன்று கிராமத்து வீட்டில் இருந்தது. ஆறரை அடி நீளம். அந்த வீட்டை விற்றுவிட்டுத் திருச்சியில் சின்ன வீட்டுக்கு வந்தபோது அது கூடத்தில் அடங்கவில்லை. தச்சனைக் கூப்பிட்டு ஒரு கோடியில் ஒன்றரை அடியை அறுக்கச் சொன்னேன். அறுத்த துண்டு வெந்நீர் அடுப்புக்குப் போயிற்று. மறு வருஷம் என் தமக்கை வந்தாள். பலகையைத் தொட்டுப் பார்த்தாள். குனிந்து அடியில் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்பா நாம் ஐந்து பேரும் பிறந்த தேதியை உளியால் செதுக்கி வைத்திருந்தாரே, அந்தக் கோடி எங்கேடா?" என்றாள். அந்த ஐவரில் மூத்தவன் இரண்டு வயதில் இறந்து போனவன். அவன் இருந்தான் என்பதற்கு வீட்டில் வேறு அடையாளமே கிடையாது. எத்தனையோ வருஷம் அந்த ஊஞ்சலில் ஆடியிருக்கிறேன்; ஒரு நாளும் அடியில் பார்த்ததில்லை.

கிழவரிடம் இதைச் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. ரைபிளை உறைக்குள் வைத்து முடிச்சுப் போட்டார். "லேத்துக்காரனிடம் அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லி விடுகிறேன்" என்றார்.

இனிமேல்தான் துப்பறியும் கதை ஆரம்பம்.

அந்தக் குழலின் நீளம் இருபத்தாறு அங்குலம். அதே தோட்டாவுக்கான, அதே 3-ம் நம்பர் எட்டுப்பட்டை ரைபிள் ஒன்று கிழவருடைய சிநேகிதரிடம் இருந்தது; அது முப்பது அங்குலம். சனிக்கிழமை இரண்டையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினோம். பின்முனையில் இரண்டும் மயிரிழை பிசகாமல் ஒரே பருமன். வாயிலோ நம்முடையது சிநேகிதருடையதை விடத் தடித்திருந்தது! பிறகு சிநேகிதரின் குழலில் பின்முனையிலிருந்து இருபத்தாறாவது அங்குலத்தில் காலிப்பரை வைத்தேன். நம்முடைய வாயின் அளவு அங்கே அப்படியே இருந்தது. சிறுத்துக் கொண்டே போகும் கரும்பின் நுனியை வெட்டி விட்டால் மிச்சத்தின் நுனி தடித்துத்தானே இருக்கும்?

"தொழிற்சாலையிலேயே இருபத்தாறு அங்குலமாகக் கேட்டு வாங்கியிருக்கலாமே!" என்றார் சிநேகிதர். நியாயந்தான், அளவு மட்டும் அதற்கு விடை சொல்லாது. ஆனால் வாயின் முகத்தைப் பூதக் கண்ணாடியில் பார்த்தேன். லேத்தில் வெட்டிய முகம் வட்டம் வட்டமாக ரேகை காட்டும். இதில் குறுக்கும் நெடுக்குமாக அரத்தின் கீறல்கள். ஒரு பக்கம் மற்றதை விட ஓர் இழை உயரம். ரம்பத்தால் அறுத்து, பொறுமையாக அரம் போட்டுத் தேய்த்த வேலை. முப்பத்தாறு வருஷம் பிறர் கடைந்ததைச் சரி பார்த்த கண் இதில் தவறாது. கட்டையின் பின்முனையையும் பார்த்தோம். தோளில் பதியும் இரும்புத் தகட்டின் விளிம்பு மரத்தோடு சேரவில்லை. மரத்தையும் யாரோ அங்குலக் கணக்கில் குறைத்து, தகட்டைத் திரும்பப் பொருத்தியிருக்கிறார்கள்.

வயோமிங் ராஜ்யத்தில் கோடி என்னும் ஊரிலுள்ள காட்சிசாலையில் அந்தக் கம்பெனியின் பழைய பேரேடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ரைபிளின் வரிசை எண்ணை எழுதி அனுப்பினார் கிழவர். மூன்று வாரத்தில் பதில் வந்தது: எட்டுப்பட்டைக் குழல், நீளம் முப்பது அங்குலம், கம்பெனியை விட்டு வெளியேறியது 1893-ம் வருஷம். எங்கள் கணக்குச் சரி. நான்கு அங்குலம் அறுபட்டிருக்கிறது.

யார் அறுத்தது? ஏன்?

கிழவர் இரவெல்லாம் யோசித்தார் போலிருக்கிறது. மறுநாள் காலை காப்பி நேரத்துக்கே வந்து விட்டார், கையில் ஒரு பழைய போட்டோவுடன். மர வீட்டு வாசலில் குள்ளமான ஒரு ஸ்திரீ நிற்கிறாள். இடுப்பில் ஒரு குழந்தை. பாவாடையைப் பிடித்துக் கொண்டு இரண்டு. கதவு நிலையில் அந்த ரைபிள் சாய்ந்திருக்கிறது.

"என் பாட்டி. பாட்டனார் ரயில் பாதை போடும் கும்பலில் இருந்தார். போனால் ஆறு வாரம், எட்டு வாரம் வரமாட்டார். அக்கம் பக்கம் வீடு கிடையாது. இவள்தான் தனியாக இருந்தாள். இதை என் பாட்டனாருடைய துப்பாக்கி என்றே எண்பது வருஷமாகச் சொல்லி வருகிறோம். அவர் ஊரிலேயே இல்லை, ஐயா! இது அவளுடைய துப்பாக்கி. அவள் கைக்கும் தோளுக்கும் தக்கபடி அவர் அறுத்துக் கொடுத்து விட்டுப் போயிருக்கிறார்" என்றார்.

அவருடைய குரல் தழுதழுத்தது. சமையலறையிலிருந்து என் மனைவி வந்து, அந்தப் போட்டோவை வாங்கி வெகு நேரம் பார்த்தாள். ரைபிள் வீட்டுக்குள் வந்தபோதெல்லாம் கதவைச் சாத்திக் கொண்டவள், அன்று சாத்தவில்லை.

ஆனால் கிழவர் கெட்டிக்காரர். கண்ணைத் துடைத்துக் கொண்டு என்னை மடக்கினார். "அப்படியானால் என் பாட்டனாரே வெட்டியிருக்கிறார். அவர் மனைவிக்காக அறுத்தார். நான் பேத்திக்காகக் கடைகிறேன். இதில் என்ன தப்பு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அது நியாயமான கேள்விதான். துப்பாக்கி மனுஷருக்காக ஏற்பட்டதா, மனுஷர் துப்பாக்கிக்காக ஏற்பட்டவர்களா? உபயோகிக்கிறவருக்கு ஏற்றபடி மாற்றுவதே பாவமென்றால் தையற்காரர்கள் எல்லாரும் நரகத்துக்குப் போக வேண்டியதுதான்.

கடைசியில் தொழில் முறையில் மட்டும் ஒன்று சொன்னேன். "உமது பாட்டனார் நுனியில் நான்கு அங்குலம்தான் எடுத்தார். அது அரை ராத்தல்கூட இருக்குமோ என்னவோ. ஆனால் நுனியில் எடுத்ததால் கைக்கு வெகுவாக இலகுவாகியிருக்கும். எங்கள் ஊரில் கிணற்று ஏற்றத்தைப் பார்த்தால் தெரியும். மரத்தின் நுனியில் தொங்கும் ஒரு சேர், அச்சின் அருகே உள்ள பத்துச் சேருக்குச் சமம். அவர் கணக்குத் தெரிந்து அறுத்திருக்கிறார். அறுத்தும் பட்டை போகவில்லை, சரிவு போகவில்லை, அடியில் எண்ணும் போகவில்லை. ஆகையால்தான் இன்று நம்மால் அவரைக் கண்டு பிடிக்க முடிந்தது. நீர் முழுவதையும் கடைந்தால், பிற்பாடு ஒருவராலும் உம்மையும் கண்டு பிடிக்க முடியாது. அவரையும் கண்டு பிடிக்க முடியாது."

இந்தத் தர்க்கத்தை முடித்து வைத்தது நாங்கள் இருவருமல்ல. அந்த ஞாயிற்றுக்கிழமை பேத்தி வந்தாள். பல்லுக்குக் கம்பி கட்டிய, ஒல்லியான பெண். கதை முழுவதையும் கேட்டாள். போட்டோவைப் பார்த்தாள். கண்ணாடி முன் போய் நின்று தன் உயரத்தைப் பார்த்துக் கொண்டாள். ரைபிளைத் தூக்கித் தோளில் வைத்தாள். ஒரு நிமிஷம் தாங்கினாள். கை நடுங்க ஆரம்பித்ததும் ஜாக்கிரதையாக இறக்கி வைத்தாள்.

"கட்டை எனக்குச் சரியாக இருக்கிறது, தாத்தா. பாரம்தான் ஜாஸ்தி. அந்தப் பாட்டி எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம் நான் இப்பொழுதே இருக்கிறேன். கைக்குப் பலம் வருகிற வரையில் மணல் மூட்டை மேல் வைத்துச் சுடுகிறேன்" என்றாள்.

கிழவர் அன்றைக்கே லேத்துக்காரனுக்கு டெலிபோன் செய்து வரவில்லை என்று சொல்லி விட்டார்.

நாங்கள் ஊர் திரும்பி இரண்டு வருஷம் கழித்துத் திருச்சிக்கு ஒரு தபால் வந்தது. உள்ளே ஒரு குறி அட்டை. நடுவில் ஒரு துவாரம். அதற்குச் சற்றுத் தள்ளி மூன்று. வெகு தூரத்தில் வெட்கப்பட்டுக் கொண்டு ஒன்று. பின்புறத்தில், 'நின்றபடியே சுட்டது. மூட்டை இல்லாமல்' என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். அடியில் கிழவரின் கோணல் கையெழுத்தில் ஒரே ஒரு எண்: 3.

அந்த அட்டை ஊஞ்சலுக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் அது என்னவென்று கேட்கிறார்கள். என் மனைவி, "இவர் அமெரிக்காவில் ஒரு துப்பாக்கியைக் காப்பாற்றினார்" என்று சொல்லுகிறாள்.

போன வருஷம் ஒரு நாள் உளியை எடுத்துக் கொண்டு ஊஞ்சலுக்குக் கீழே படுத்தேன். மிச்சமிருக்கும் பலகையின் அடிப்புறத்தில் என் தமக்கை பிறந்த தேதி, என் தேதி, தம்பியினுடையது, தங்கையினுடையது, நான்கையும் செதுக்கினேன். எல்லாவற்றுக்கும் மேலே, மூத்தவன் பெயரையும் செதுக்கினேன். அவன் பிறந்த தேதியைச் சொல்ல இப்போது யாருமில்லை. அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.